விண்கலத்தின் மேல் வீசிய உப்பு

இயேசு மரி சூசை துணை

புதுச்சேரி
6 ஜனவரி 2025

என் அக்கா பெற்றெடுத்த அருமைச் செல்வி ஜூலிக்கு,

தாய்மாமன் சகாயநாதன் கொதிப்போடு எழுதிக்கொள்வது.

இந்தக் கடிதத்தில் நான் சொல்லப்போவதை உலகத்தில் ஒருவரும் நம்பமாட்டார்கள் என்று, எங்கள் பங்குக் கோயில் பெரிய மணியின் மேல் ஆணையிட்டு முதலிலேயே உறுதி கூறிவிடுகிறேன். வானத்திலிருந்து சம்மனசு ஒருவர் இறங்கிவந்து சாட்சி சொன்னாலும், "சகாயநாதன் சொல்லிக்குடுத்து அனுப்பியிருப்பான்" என்றுதான் இந்தத் தெரு பேசும்.

இதைப் போனில் சொல்லாமல் தாளில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. குடும்ப வாட்ஸாப் குழுவிலிருந்து நான் வெளிநடப்புச் செய்து பொங்கலுக்குப் பொங்கல் ஒரு வருஷம் ஆகப்போகிறது, ஒருவரும் கவனிக்கவில்லை. அதுகூடப் போகட்டும். வீட்டில் போன் பேசினால் உன் ஞானமேரி அத்தை அடுப்படியில் கரண்டியைக்கூட அசைக்காமல் நின்று கேட்பாள். இது அவள் காதுக்குப் போகக் கூடாத சங்கதி.

நீ எடுத்து அனுப்பிய ஆவணப்படத்தைப் பார்த்தேன். அத்தை ஜெபமாலைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, என் மகள் பூர்ணிமா தன் லேப்டாப்பில் போட்டுக் காட்டினாள். நாற்பது வருஷத்துக்கு முன் நம் ஊரில் எடுத்த 'வெள்ளிக்கோள் விருந்தாளி' உருவான கதையை என் அக்கா மகள் படமாக்குகிறாள் என்று நான் ஊரெல்லாம் தண்டோரா போடாத குறை. நம் தெருவில் விண்கலம் இறங்கிய ஒரே படம். நாலு நாள் ஓடியது, பெட்டிக்குள் போனது. இப்போது பிரான்சில் யாரோ தூசி தட்டிக் கழுவி எடுத்ததும் காவியம் என்கிறார்கள். இருக்கட்டும்.

போன வருஷம் நீ கேமராவோடு வந்து, முகத்தில் பவுடர் அடித்து, என்னை ஒரு பகல் முழுக்கப் பேசவைத்தாய். தண்ணீர்கூடக் குடிக்காமல் பேசினேன். உன் படத்தில் நான் எங்கே? ஓரிடத்தில் டீ குடிக்கிறேன். சத்தம் கிடையாது. கீழே எழுத்து: 'உள்ளூர்வாசி'. உள்ளூர்வாசி! ஒரு நாய் குறுக்கே போயிருந்தால் அதற்கும் இதையேதான் போட்டிருப்பீர்கள்.

தலையில் கொம்பு முளைத்த அந்த வெள்ளிக்கோள் ஜந்துவுக்குள் இருந்தவன் நான். மீன்வலையும் தக்கையும் வைத்துத் தைத்த அந்த உடுப்பு ஒரு மாட்டுவண்டி பாரம். படம் முடியும் மட்டும் அதைக் கழற்றவே இல்லை. உள்ளே ஒரு நண்டுக் குடும்பம் குஞ்சு பொரித்துப் பெரிதாகிக் கடலுக்குத் திரும்பிப் போனது. தேங்காய்த்திட்டுத் துறையில் படகிலிருந்து இறங்கியபோது, இன்ன மீன் என்று புரியாமலே என்னை ஏலத்தில் வைத்தார்கள். நல்ல விலைக்குத்தான் போனேன். உன் படத்தில் இதைச் சென்னையிலிருந்து வந்த யாரோ ஸ்டண்ட் நடிகர் செய்தார் என்று போட்டிருக்கிறாய்.

அதையும் மன்னிப்பேன். (மன்னிக்கமாட்டேன்.) ஆனால் அந்த உப்பு!

உன் படத்தில் கண்ணாடி போட்ட பேராசிரியர் ஒருவர் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு பேசுகிறார். விண்கலம் தெருவில் ஊர்ந்து வருகிறதாம், ஜனங்கள் பயந்து ஓடாமல் வெள்ளைத் துகளை வாரி அதன்மேல் வீசுகிறார்களாம். அது அணுகுண்டின் சாம்பலாம். மனித குலத்தின் மௌன அஞ்சலியாம். இயக்குநர் இளஞ்செழியன் ஆறு மாதம் யோசித்துச் செதுக்கிய காட்சியாம்.

சாம்பல் இல்லை, பெண்ணே. உப்பு! மிளகு கலந்த கல்லுப்பு! செதுக்கியவர் அன்றைக்கு "கட், கட்" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டு குடையால் ஜனங்களை விரட்டினார்.

விண்கலம் என்பது எது? எங்கள் பங்குத் தேர். திருவிழா முடிந்து கொட்டகையில் நின்றதை இரவல் வாங்கி, மேலே பிளைவுட் அடித்து வெள்ளித்தாள் சுற்றினார்கள். கூட்டத்துக்கு ஆள் வேண்டும் என்றதும் மணியடிக்கிற கோயில்பிள்ளை வீடு வீடாகப் போனார். "சாயங்காலம் தேர் எடுக்கறாங்க, எல்லாரும் வந்துடுங்க." வேறு ஒரு வார்த்தை சொல்லவில்லை. வெறுங்கையோடு எவராவது தேருக்கு முன்னால் நிற்பார்களா? உப்பும் மிளகுமாய் முடிந்துகொண்டு வந்துவிட்டது சனம். மேலே மாதாவுக்குப் பதிலாகக் கொம்பு வைத்த ஜந்து நின்றது வாஸ்தவம். ஆனால் சக்கரம் அதே சக்கரம். மூலை திரும்பும்போது போடுகிற கிறீச்சும் அதே கிறீச்சு. பழகின கை சும்மா இருக்குமா? அலறிக்கொண்டு ஓடவேண்டிய கூட்டம் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, நேர்த்திக்கடனுக்கு வீசுவது போலவே வீசிவிட்டது.

இதை நான் உன்னிடம் சொன்னேன். நீ வெட்டிவிட்டாய்.

பதில் எழுது. மன்னிப்பு என்றால் முதல் பக்கத்திலேயே இருக்கட்டும்.

இப்படிக்கு,
சகாயநாதன்
(உள்ளூர்வாசி)


லியோன்
21 ஜனவரி 2025

அன்புள்ள மாமாவுக்கு,

இரண்டு கன்னத்திலும் முத்தம். கடிதம் வந்தது. தபால்காரர் உறையின் கனத்தைப் பார்த்து நீதிமன்றக் கடிதமா என்று கேட்டார். கிட்டத்தட்ட என்றேன்.

கோபப்படாமல் கேளுங்கள். உங்கள் பேட்டியை நான் மூன்று தடவை முழுசாகக் கேட்டேன். விழுந்து விழுந்து சிரித்தேன். ஆனால் அதில் எதை எடுத்து வைப்பது? இயக்குநருக்குக் கேமராவைப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தது நீங்கள் என்கிறீர்கள். விண்கலம் நிஜமாகவே கிளம்பி, தவளக்குப்பம் சந்தையில் தக்காளிக் கூடைகள் மேல் இறங்கியது என்கிறீர்கள். பாரிசிலிருந்து ஒரு மந்திரி விமானம் ஏறிவந்து உங்களிடம் அதன் ரகசியத்தை விலைக்குக் கேட்டார் என்கிறீர்கள். நண்டுக் குடும்பத்தில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை, ஆனால் தொலைக்காட்சிக்காரர்கள் கேட்பார்கள் மாமா. ஒரு பொய் மாட்டினால் மொத்தப் படத்தையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

உப்பு விஷயமும் அந்தப் பேட்டியில் இருக்கிறது, தெரியும். தக்காளிக் கூடைக்கும் மந்திரிக்கும் நடுவில் இருக்கிறது. அதை மட்டும் நான் எப்படி நம்புவது? ஆறு மாதம் யோசித்த காட்சி என்று இயக்குநர் இளஞ்செழியனே சொன்ன ஒலிநாடா எங்களிடம் இருக்கிறது. அவர் இப்போது உயிரோடு இல்லை, திருப்பிக் கேட்கவும் முடியாது. ஒரு பக்கம் அவர் குரல், இன்னொரு பக்கம் நீங்கள். என் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள்?

ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. உங்கள் முகத்தை வெட்டியதற்கு ஒரு பத்தி திட்டியிருக்கிறீர்கள். உப்புக்கு ஒன்றரைப் பக்கம். உப்பின் மேல் உங்களுக்கு ஏன் இத்தனை ஆத்திரம்?

ஏப்ரல் 26 அன்று உங்கள் பங்குக் கூடத்தில் முதல் திரையிடல். அத்தையையும் அழைத்துக்கொண்டு வாருங்கள்.

அன்புடன்,
ஜூலி


இயேசு மரி சூசை துணை

புதுச்சேரி
3 பிப்ரவரி 2025

ஜூலிக்கு,

முதல் பக்கத்தில் மன்னிப்பைத் தேடினேன். முத்தம்தான் இருந்தது. அதை வைத்து நான் என்ன செய்ய?

ஏன் ஆத்திரம் என்று கேட்டாயே, சொல்கிறேன். இதையும் நீ நம்பப்போவதில்லை.

முதல் கைப்பிடி உப்பை வீசியவள் உன் அத்தை.

அப்போது எங்களுக்குக் கல்யாணம் ஆகவில்லை. பேசியதுகூட இல்லை. மில்லில் நூல் சுற்றுகிற பிரிவில் இருந்தவரின் கடைசி மகள். மூலை திரும்பித் தேர் வந்ததும் எல்லாரும் திகைத்து நின்றார்கள். மாதா இருக்கிற இடத்தில் கொம்பைக் கண்டால் யாருக்குத்தான் கை வரும்? அவள் ஒருத்திதான் உதட்டை இறுக்கிக்கொண்டு ஓர் அடி முன்னால் வந்து வீசினாள். அதைப் பார்த்துத்தான் மற்றக் கைகள் எழுந்தன. அடுத்த நொடி இளஞ்செழியனின் குடை வந்துவிட்டது. "எவ அவ மொதல்ல போட்டவ? என் பிலிமை நாசம் பண்ணிட்டியே!" என்று தெருவே பார்க்கக் கத்தினார். அவள் அழுதுகொண்டே வீட்டுக்குப் போனாள்.

அன்றிலிருந்து இன்றுவரை, ஒரு படத்தையே கெடுத்தவள் என்றுதான் உன் அத்தை தன்னை நினைத்துக்கொண்டிருக்கிறாள். தேர் வந்தால் பின்வரிசையில் நிற்பாள். உப்பைப் பக்கத்து வீட்டுக்காரி கையில் கொடுத்துப் போடச் சொல்லுவாள். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அவள் கையால் தேருக்கு ஒரு பிடி உப்பு விழுந்து நான் பார்த்ததில்லை.

ஆனால் படம் வந்தபோது அந்தக் காட்சி அப்படியே இருந்தது! திட்டிவிட்டு, அந்த மனுஷர் அதைத்தான் படத்தின் நடுநெஞ்சில் வைத்திருந்தார். நாலு நாளும் எல்லாக் காட்சியும் போனேன். திரையில் கை வரும், உப்பு பறக்கும், மேலே அவள் முகம். அவளை அவள் அப்பா சினிமாவுக்கு விடவில்லை. அப்புறம் பெட்டி எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. கல்யாணமான நாளிலிருந்து சொல்லிப் பார்க்கிறேன்.

"நீ படத்துல இருக்கடி, ஞானம்."

"ஆமா. நீ ராக்கெட்டுல இருந்த, நான் படத்துல இருந்தேன். எழுந்து போயி தண்ணி புடி, குழாய்ல வந்துடுச்சு."

"மாதா சத்தியமா சொல்றேன்."

"மாதா பாவம், அவுங்கள வுட்டுடு. குடையால அடிக்க வந்தான்யா அந்த ஆளு. அத்தப் போயி படத்துல வெப்பானா? வேற எவளயாச்சும் பாத்துட்டு நான்னு நெனச்சுக்கினு இருக்க."

நான் வாழ்நாளில் சொன்ன மற்றதையெல்லாம் அவள் நம்பாமல் போகட்டும், எனக்கு நஷ்டமில்லை. இது ஒன்றை நம்பவைக்க வேண்டும் என்றுதான் உன் படத்துக்காகக் காத்திருந்தேன். படம் வரட்டும், பக்கத்தில் உட்காரவைத்து, ஒரு வார்த்தை பேசாமல் திரையைக் காட்டலாம் என்று.

நீ என்ன செய்தாய்? கை இருக்கிறது. உப்பு இருக்கிறது. கழுத்தோடு படம் முடிந்துபோகிறது! கைக்கு ஒரு சிவப்பு வட்டம் வேறு. தலையை எடுத்துவிட்டுக் கைக்கு வட்டம் போடுகிறவர்களை நான் போலீஸ் ஸ்டேஷன் போட்டோக்களில்தான் பார்த்திருக்கிறேன். அந்த வட்டத்துக்குப் பக்கத்தில் பேராசிரியர் சாம்பல் என்கிறார். இதை நான் அவளைக் கூட்டிப்போய்க் காட்ட வேண்டுமா?

முகத்தைத் திருப்பிக் கொடு. என் முகத்தை நீயே வைத்துக்கொள்.

சகாயநாதன்

பின்குறிப்பு: இது எதுவும் அத்தைக்குத் தெரியக் கூடாது.


லியோன்
18 பிப்ரவரி 2025

அன்புள்ள மாமாவுக்கு,

தப்பு செய்துவிட்டேன். அத்தைக்குப் போன் போட்டேன்.

வேறு வழி தெரியவில்லை. இயக்குநர் சொன்னதற்கு எதிராக ஒன்றைப் படத்தில் வைக்கவேண்டும் என்றால் உங்களைத் தவிர இன்னொருவர் சொல்ல வேண்டும். நீங்கள் சொன்னதாகச் சொன்னதும் அத்தை சிரித்த சிரிப்பில் போனை ஒரு கை தள்ளிப் பிடித்தேன்.

"உங்க மாமனா? அவுரு சொன்னத நம்பித்தான் கண்ணு நான் கல்யாணமே கட்டிக்கினேன். பிரான்சுல மேல்மாடி வச்ச வூடு இருக்குதுன்னாரு."

"அத்தை, உப்பு போட்டீங்களா இல்லையா?"

"போட்டேன். திட்டு வாங்கனேன். அதோட முடிஞ்சிபோச்சு."

படத்தில் ஒரு கை வருகிறது என்றேன். அந்தப் பக்கம் குழாயை மூடுகிற சத்தம் கேட்டது. பிறகு, "கையி எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் இருக்கும்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

மாமா, முகத்தை வெட்டியது நானில்லை. அந்தக் காலத்துச் சின்ன பிலிமில் படச்சட்டம் சதுரமாக இருக்கும்; இப்போதைய திரை அகலம். எங்களுக்கு வந்ததே மேலும் கீழும் வெட்டி அகலமாக்கிய பிரதிதான். முழுப் பிரதி பாரிசில் ஒரு காப்பகத்தில் இருக்கிறது. அதைப் பார்க்க அனுமதி வாங்கவே ஒரு மாதம் ஆகும். படத்தை முடித்து ஒப்படைத்துவிட்டோம், இனி கை வைக்கக் கூடாது என்கிறார் தயாரிப்பாளர். அத்தையே இல்லை என்கிறபோது, நான் எந்த முகத்தோடு அவரிடம் போய்க் கேட்பது?

வருத்தத்துடன்,
ஜூலி


புதுச்சேரி
27 பிப்ரவரி 2025

மதிப்பிற்குரிய திரைப்பட இயக்குநர் செல்வி ஜூலி அவர்களின் சமூகத்துக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது.

பின்குறிப்பு என்று ஒன்று எழுதினால் அதைப் படிக்கிற வழக்கம் தங்கள் நாட்டில் இல்லை என்று அறிகிறேன்.

தங்கள் போனுக்குப் பிறகு இந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரிவித்துக்கொள்கிறேன். ஞானமேரி அம்மாள் என்னை ஒன்றும் கேட்கவில்லை. திட்டவும் இல்லை; அதுதான் பயமாக இருக்கிறது. நேற்று மத்தியானம் சங்கரா மீன் கழுவிக்கொண்டிருந்தவர், திடீரென்று குழாயடியில் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும், "இன்னா? உப்பு தீந்துபோச்சு, வாங்கியா" என்றார். உப்பு ஜாடி நிறைய இருந்தது.

ஆகவே தாங்கள் செய்தது என்ன? எனக்குப் பொய்யன் என்ற பட்டம் பழையது, அதைப் பற்றிக் கவலையில்லை. அவள் உள்ளே அமுக்கி வைத்திருந்ததைக் கிளறிவிட்டு, கை மட்டும்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டீர்கள். ஒரு வாட்டி திட்டு வாங்கினவளை இப்போது பாதியாக வெட்டியும் வைத்திருக்கிறீர்கள். இத்தனை பெரிய அநியாயத்தை வெள்ளிக்கோளிலிருந்து வந்த ஜந்துகூட நம் ஊருக்குச் செய்யவில்லை.

திரையிடலுக்கு நாங்கள் வரமாட்டோம். அன்றைக்கு எனக்குத் தவளக்குப்பத்தில் அவசர வேலை இருக்கிறது. என்ன வேலை என்பது இன்னும் முடிவாகவில்லை.

தங்கள் பேராசிரியருக்கு என் வந்தனம். அடுத்த முறை சாம்பாரில் சாம்பலைப் போட்டுச் சாப்பிட்டுப் பார்க்கச் சொல்லவும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள
சகாயநாதன்


பாரிஸ்
30 மார்ச் 2025

மாமா,

அவர்களின் சமூகத்துக்கு எல்லாம் வேண்டாம். உங்கள் ஜூலிதான் எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தில் அந்த உப்பு ஜாடி வந்த இடத்துக்குப் பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. நச்சரித்து நச்சரித்துக் காப்பகத்தில் அனுமதி வாங்கினேன். போன வாரம் அந்தக் காட்சியை முழுச் சட்டத்தில் பார்த்தேன்.

முகம் இருக்கிறது, மாமா.

நான் அத்தையை அந்த வயதில் பார்த்ததில்லை. ஆனால் அது பூர்ணிமா. அப்படியே பூர்ணிமா, தாவணியில். உதட்டை இறுக்கிக்கொண்டு ஓர் அடி முன்னால் வருகிறாள். நீங்கள் எழுதியது போலவே. உப்பு பறந்து முடிந்ததும், வலது ஓரத்தில் ஒரு குடையின் நுனி உள்ளே நுழைகிறது. அதற்குள் காட்சி வெட்டப்பட்டுவிடுகிறது. ஆறு மாதம் யோசித்தவர் குடையை எதற்கு உள்ளே விடுகிறார்? நான் காப்பக மேசையில் உட்கார்ந்து சத்தம் போட்டுச் சிரித்தேன், பிறகு அழுதேன். அங்கே இரண்டுமே கூடாதாம்.

தயாரிப்பாளரோடு சண்டை போட்டேன். என் பெயரை எடுத்துவிடுகிறேன், படத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு இறங்கிவந்தார். பேராசிரியரின் சாம்பல் போய்விட்டது. சிவப்பு வட்டம் போய்விட்டது. இளஞ்செழியனின் ஒலிநாடாவும் போய்விட்டது. அந்தக் காட்சி இப்போது முழுசாக, சதுரமாக, இரண்டு பக்கமும் கறுப்போடு வரும். அதன் கீழே எழுத்து வரும். அதை நீங்கள் அங்கே வந்து படியுங்கள்.

உங்களை நம்பாததற்கு மன்னிப்பு. முதல் பக்கத்திலேயே இருக்கிறது, பாருங்கள்.

ஆனால் நீங்கள் பேசிய பகுதியை நான் திரும்பச் சேர்க்கவில்லை. ஏனென்று சொல்கிறேன். முழுச் சட்டத்தில் மேலே அத்தையின் முகம் வந்தது போலவே கீழே தேர்ச் சக்கரமும் வந்துவிட்டது. அதன் பக்கத்தில் முட்டுக்கட்டையைப் பிடித்துக்கொண்டு ஒல்லியாக ஒருவன் குந்தியிருக்கிறான். கேமராவைப் பார்க்கவில்லை, விண்கலத்தைப் பார்க்கவில்லை. உப்பு போடுகிற பெண்ணை வாயைத் திறந்துகொண்டு பார்க்கிறான். அதே நேரத்தில் கொம்பு வைத்த ஜந்து தேருக்கு மேலே நிற்கிறது. ஒரே ஆள் இரண்டு இடத்திலும் இருக்க முடியாதே, மாமா?

இங்கே அடுத்த படத்தின் வேலை இருப்பதால் அன்றைக்கு நான் வர முடியாது. அத்தையிடம் ஒன்றும் சொல்லாமல் கூட்டிப்போங்கள். தவளக்குப்பம் எங்கேயும் ஓடிவிடாது.

முத்தங்களுடன்,
ஜூலி


இயேசு மரி சூசை துணை

புதுச்சேரி
29 ஏப்ரல் 2025

என் ராசாத்தி ஜூலிக்கு,

மாமா எழுதிக்கொள்வது. மறுபடியும் கோபத்தோடுதான் எழுதுகிறேன், ஆனால் இது வேறு கோபம். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

பங்குக் கூடத்துக்கு உன் அத்தையைக் கிளப்ப நான் பட்ட பாடு பெரும்பாடு. பங்குச் சாமியார் உயிர்ப்பு ஞாயிறு பற்றிய படம் போடுகிறார் என்று சொல்லித்தான் கூட்டிப்போனேன். ஆட்கள் நிற்க இடமில்லை. தேங்காய்த்திட்டிலிருந்துகூட வந்திருந்தார்கள். எனக்கு இந்தப் பக்கம் என் பழைய சிநேகிதன் நெல்சன், அந்தப் பக்கம் உன் அத்தை. தலைப்பைப் பார்த்ததுமே அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. எழுந்தாள். சேலையைப் பிடித்து உட்காரவைத்தேன். அதன் பிறகு திரையைப் பார்க்கவே இல்லை, முந்தானை நூலைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

திரை சுருங்கிச் சதுரமானதும் கூடத்தில் சலசலப்பு. கெட்டுப்போச்சு போல என்று யாரோ சொன்னார்கள். அந்தச் சத்தத்தில்தான் நிமிர்ந்தாள்.

கை. உப்பு. முகம்.

கீழே நீ எழுதியிருந்தாயே, 'முதலில் வீசியவர்: ஞானமேரி, மில் தொழிலாளியின் மகள், இந்தத் தெரு' என்று. அதை ஒரு பிள்ளை சத்தமாகப் படித்தது. கூட்டம் மொத்தமும் திரும்பி அவளைப் பார்த்தது. கைதட்டல் ஓய்கிற வரைக்கும் உன் அத்தை அசையவில்லை. பிறகு, கூடத்துக்கே கேட்கிற மாதிரி, "யோவ், அது எங்க அக்கா தாவணிய்யா! அவளுக்குத் தெரியாம கட்டிக்கினு வந்தேன்!" என்றாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். கோயிலுக்குள்ளேகூட என் கையைப் பிடிக்காதவள், ஜூலி.

நெல்சன் அந்த நேரத்தைப் பார்த்து என் விலாவில் இடித்தான். "டேய் சகாயம், கீழ பார்றா, கட்டைய வச்சிக்கினு வாயப் பொளந்துக்கினு ஒருத்தன் குந்தினு இருக்கான். உன்ன மாதிரியே இல்ல?"

"காரைக்கால்ல இருக்கிற என் சித்தப்பா மவன்டா," என்றேன்.

"நீ மேல கொம்போட நின்னேன்னு சொன்ன?"

"நின்னேன். அவன் கீழ குந்தினு இருந்தான். குடும்பமே கலைக் குடும்பம்டா."

சரி, இப்போது என் கோபத்துக்கு வருகிறேன்.

நீ செய்த வேலையால் என் குடும்பம் சீரழிந்துபோயிருக்கிறது. அன்றிலிருந்து உன் அத்தை நான் சொன்ன எல்லாவற்றையும் நம்ப ஆரம்பித்துவிட்டாள். எல்லாவற்றையும்! மீன்காரியிடம், "எங்க வூட்டுக்காரர ஒரு வாட்டி துறைமுகத்துல ஏலமே வுட்டாங்க" என்று பெருமையாகச் சொல்கிறாள். கதிர்காமம் ஆஸ்பத்திரிக்குக் கண் பரிசோதனைக்குப் போன இடத்தில், என் முதுகுவலிக்குக் காரணம் விண்கலம் தக்காளிக் கூடைமேல் இறங்கியதுதான் என்று டாக்டரிடம் சொன்னாளாம். பூர்ணிமா தலையில் அடித்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். நேற்றுக் காலையில் பலகாரத்தைத் தட்டில் வைத்துக்கொண்டே, அந்த மேல்மாடி வீடு இருக்கிற தெருவுக்குப் பேர் என்ன என்று கேட்கிறாள். ஒரு மனிதன் இத்தனை வருஷமாகச் சுதந்திரமாகப் பொய் சொல்லிக்கொண்டு இருந்தது, பெண்டாட்டி நம்பமாட்டாள் என்ற தைரியத்தில்தான். அதை நீ பிடுங்கிக்கொண்டாய். இனிமேல் நான் வாயைத் திறக்கவே யோசிக்க வேண்டியிருக்கிறது. இது நியாயமா?

ஆகையால் நீயே போன் போட்டுச் சொல். நீ சொன்னால் நம்புவாள். நண்டு கிடையாது. ஏலம் கிடையாது. மந்திரியும் கிடையாது, தக்காளியும் கிடையாது. மேல்மாடி வீட்டைப் பற்றி மட்டும் மெதுவாகச் சொல்.

இன்னொன்று. நேற்று மத்தியானம் பூர்ணிமாவின் லேப்டாப்பில் அந்தக் காட்சியை நிறுத்திவைத்து, நெற்றிக்கு நேரே மூக்குக்கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். தன் முகத்தை இல்லை. கீழே.

"யாரு இது, என்னையே பாத்துக்கினு?"

காரைக்கால் சித்தப்பா மகன் என்றேன்.

"நல்ல பையனாத்தான் தெரியறான்," என்றாள். "கண்ணு மட்டும் பொய் சொல்லல." லேப்டாப்பை மூடிவிட்டு, எனக்குக் கூடுதலாக ஒரு டம்ளர் டீ போட்டுக்கொடுத்தாள்.

அதனால் உனக்கு மட்டும் எழுதுகிறேன். போனில் இதை அவளிடம் நீ சொல்ல வேண்டியதில்லை. அந்த விண்கலத்தைப் பற்றி நான் இதுவரைக்கும் சொன்ன அத்தனை கதையிலும், உப்பைத் தவிர்த்து, அன்றைக்கு அதோடு நானும் போனேன் என்கிற சின்னத் துண்டு மட்டும் உண்மை. மேலே இல்லை, ஜூலி. கீழே, சக்கரத்தடியில், கட்டையோடு.

அன்பு மாமன்,
சகாயநாதன்